எண்பதைத் தாண்டினால் உதறும் ஸ்டீரிங்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டை நெருங்கும் வரை கார் ஒழுங்காகத்தான் வரும். பரனூர் டோலைத் தாண்டி, முள் 80-ஐத் தொட்டதும் ஸ்டீரிங்கில் மெல்லிய நடுக்கம் தெரியும். 90-ல் கைக்கடிகாரம் குலுங்குகிற அளவுக்கு உதறும். இன்னும் கொஞ்சம் மிதித்து 105-க்குப் போனால் உதறல் பாதியாகக் குறைந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய கார் வைத்திருக்கும் பலருக்கும் இது பழகிய கதை.

பட்டறையில் போய் "ஸ்டீரிங் உதறுதுண்ணே" என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்தால், வீல் அலைன்மென்ட்டில் தொடங்கி டை ராட் எண்ட், ஷாக் அப்சார்பர், ஸ்டீரிங் ராக் என்று பில் வளரும். உதறல் போயிருக்காது. மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல வரவில்லை. பட்டறை இருக்கிற தெருவில் 90-ல் ஓட்டிப் பார்க்க அவருக்கு வழி கிடையாது. தான் நேரில் பார்க்காத ஒன்றை, நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் அவர் ஊகிக்க வேண்டும். அந்த வாக்கியத்தைச் சரியாகத் தயார் செய்துகொள்வதுதான் இந்த அத்தியாயத்தில் பாதி வேலை.

ஏன் அந்த வேகத்தில் மட்டும்?

165/80 ஆர் 14 டயரை எடுத்துக்கொள்வோம். ஒரு முழுச் சுற்றுக்கு அது ஏறத்தாழ 1.95 மீட்டர் போகும். மணிக்கு 90 கி.மீ. என்பது நொடிக்கு 25 மீட்டர். அப்படியானால் சக்கரம் நொடிக்குக் கிட்டத்தட்ட 13 முறை சுற்றுகிறது. ரிம் விளிம்பில் ஓரிடத்தில் 30 கிராம் கூடுதலாக இருந்தால், இந்த வேகத்தில் அது சக்கரத்தை வெளிப்புறமாக இழுக்கும் விசை மூன்றரைக் கிலோ எடைக்குச் சமம். சக்கரம் சுற்றச் சுற்ற அந்த இழுப்பின் திசையும் நொடிக்கு 13 முறை சுற்றி வருகிறது. 45 கி.மீ. வேகத்தில் இதே 30 கிராம் ஒரு கிலோ அளவுக்குக்கூட இழுக்காது. வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகும்.

இது பாதிக் காரணம்தான். இது மட்டும் என்றால் வேகம் கூடக்கூட உதறலும் ஏறிக்கொண்டே போக வேண்டும். 105-ல் ஏன் குறைகிறது? சக்கரம், லோயர் ஆர்ம், டை ராட், ராக் எல்லாம் சேர்ந்த அமைப்புக்கு இயல்பாகவே ஓர் ஆட்ட வேகம் உண்டு. சாதாரணக் கார்களில் அது நொடிக்குப் பத்திலிருந்து பதினைந்து தடவைக்குள் வரும். ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால், ஒரு விரலால் தள்ளினாலும் அது உயரப் போகும் அல்லவா, அதுதான் இங்கே நடக்கிறது. சக்கரத்தின் சுழற்சி அந்த இயல்பான ஆட்டத்தோடு ஒத்துப்போகிற வேகத்தில் உதறல் உச்சத்துக்குப் போகிறது. அதைத் தாண்டியதும் கைக்குத் தெரிவது குறைகிறது. ஆனால் இழுக்கும் விசை குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது. பேரிங்கும் டயரும் அதை வாங்கிக்கொண்டே இருக்கின்றன. "நூறுக்கு மேல போனா சரியாயிடும்" என்று மிதிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

மாருதி 800-ன் 145/70 ஆர் 12 டயர் இன்னும் சிறியது. அதே 13 சுற்றை அது 75 கி.மீ. வேகத்திலேயே எட்டிவிடும். அதனால் எந்த வேகத்தில் உதறல் தொடங்குகிறது என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் காரோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

பழைய கார்களில் இதோடு இன்னொரு சங்கதியும் சேர்கிறது. உதறலை உண்டாக்குவது ஒரு பாகம், அதைப் பெருக்கிக் கைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது வேறொரு பாகம். புதிய காரில் பத்து, பதினைந்து கிராம் வித்தியாசம் இருந்தால் ரப்பர் புஷ்கள் அதை விழுங்கிவிடும், ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில் லோயர் ஆர்ம் புஷ் வெடித்திருக்கும், டை ராட் எண்ட்டில் லேசாக ஆட்டம் இருக்கும். அதே பத்து கிராம் இப்போது ஸ்டீரிங்கை உதற வைக்கும். பேலன்சிங் செய்ததும் சரியாகி, ஓரிரு மாதத்தில் மறுபடி தொடங்கும் கார்களில் பெரும்பாலும் இந்தக் கதைதான். சக்கரத்தை மட்டும் சரிசெய்தால் நிவாரணம் தற்காலிகம். புஷ்ஷை மட்டும் மாற்றினால் உண்டாக்குகிற பாகம் உள்ளே அப்படியே இருக்கும், புதுப் புஷ்ஷையும் அது சீக்கிரம் தின்னும். இரண்டையும் பார்க்க வேண்டும். சக்கரத்தை முதலில் பார்க்க வேண்டும், அதுதான் செலவு குறைந்தது.

ஓட்டிப் பார்த்தல்

விடியற்காலையில், வண்டிகள் குறைந்த நேரத்தில், நேரான சமமான நான்குவழிச் சாலையில் பாருங்கள். மதுராந்தகம் தாண்டினால் திண்டிவனம் வரை இதற்கு ஏற்ற நீளங்கள் கிடைக்கும். அனுமதித்த வேகத்துக்குள்ளேயே எல்லாம் தெரிந்துவிடும். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் ரோட்டை மட்டும் பார்க்கட்டும். கிளம்புவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றுப் பிடித்துவிடுங்கள்.

முதலில், எங்கே உதறுகிறது என்று பாருங்கள். கையில் தெரிந்தால் முன்சக்கரம். சீட்டிலும் தரையிலும் தெரிந்து கையில் அவ்வளவாக இல்லை என்றால் பின்சக்கரம். இது நூற்றுக்கு நூறு விதி இல்லை என்றாலும் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

அடுத்து, எப்போது உதறுகிறது. 90-ல் ஆக்சிலரேட்டரை ஒரே நிலையில் வைத்து ஓட்டுங்கள். பிறகு காலை மெதுவாக எடுங்கள். மிதிக்கும்போது மட்டும் உதறி, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் டயரை விட்டுவிடலாம். இன்ஜினிலிருந்து சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் ஆக்ஸிலின் உள்பக்க ஜாயிண்ட்தான் முதல் சந்தேகம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உதறினால் அது சக்கரத்தின் வேலை. பின்னால் வண்டி இல்லாத இடம் பார்த்துக் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி உருளவிடுங்கள். இன்ஜின் சுற்று ஐடிலுக்கு இறங்கிய பிறகும் உதறல் மாறாவிட்டால் இன்ஜினையும் அதன் மவுண்ட்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ஒன்று மட்டும் கண்டிப்பு: சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தாதீர்கள். பவர் ஸ்டீரிங் போய்விடும், பிரேக் கல்லாகும், ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

மூன்றாவது பிரேக். 90-லிருந்து மிதமாக, சீராக பிரேக் பிடியுங்கள். சாதாரண ஓட்டத்தில் அமைதியாக இருந்து, பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டீரிங் உதறினால் முன் டிஸ்க். ஏற்கெனவே இருக்கும் உதறல் பிரேக்கில் கொஞ்சம் கூடினால், தளர்ந்துபோன புஷ் ஒன்று இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்கத் தவறுகிற நான்காவது கேள்வி, நேரத்தோடு அது எப்படி மாறுகிறது என்பது. கார் மூன்று வாரம் ஷெட்டில் நின்றிருந்து, கிளம்பியதும் உதறி, கால் மணி நேரத்தில் தானாகவே குறைந்தால், நின்ற இடத்தில் டயர் தட்டையாக அமுங்கியிருக்கிறது. டயர் சூடானதும் வட்டத்துக்குத் திரும்பிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. மாறாக, ஆரம்பத்தில் நன்றாக இருந்து ஓட்ட ஓட்டக் கூடினால், ஒரு சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். காரை ஓரம் கட்டி, முன்சக்கரங்கள் இரண்டின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் காலிப்பரின் பின் (pin) துருப்பிடித்து இறுகியிருக்கலாம்.

இவ்வளவும் ஆனதும் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் தயார்: "எண்பத்தஞ்சுல ஆரம்பிச்சு தொண்ணூத்தஞ்சுல அதிகம். கையிலதான், சீட்ல இல்ல. மிதிச்சாலும் விட்டாலும் ஒரே மாதிரி. பிரேக்ல மாறல." இதைக் கேட்கிற நல்ல மெக்கானிக் ராக்கைக் கழற்ற மாட்டார்.

வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

ரிம்முக்கு உட்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் கிராமத்து மண் ரோட்டுக்குப் போய் வந்த காரில், ரிம்மின் உட்புறத்தில் அப்பிய சேறு காய்ந்து கல்லாகியிருக்கும். பேலன்சிங் கடைக்குப் போகும் முன்பு ஒரு முறை தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் போதும் என்றிருக்கும் கார்களும் உண்டு. ரிம் விளிம்பில் ஈயக் கட்டி இருந்து விழுந்த தடம் தெரிகிறதா என்றும் பாருங்கள். ஒட்டுகிற வகைக் கட்டியாக இருந்தால், பசை மட்டும் கறுப்பாக ஒட்டியிருக்கும்.

பிறகு டயர். உள்ளங்கையை டயர் முகத்தில் மெதுவாக வைத்துச் சுற்றிலும் தடவுங்கள். கம்பி துருத்திக்கொண்டிருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளமும் மேடுமாக மாறி மாறித் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பர் செத்திருக்கிறது, சக்கரம் ரோட்டில் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது. ஒரே ஓரம் மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தால் அலைன்மென்ட். இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணம். அது தவறினால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் தாறுமாறாகத் தேயும். அது நேரடியாக உதறலைத் தராது. தேய்ந்த டயர் பிறகு உதறும், அந்த வழியில்தான் சம்பந்தம். கடைகளில் அலைன்மென்ட்டையும் பேலன்சிங்கையும் ஒரே மூச்சில் சொல்லி ஒரே பில்லில் போடுவதால், இரண்டும் ஒன்று என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 3516 என்றால் 2016-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்தது. குறைவாக ஓடும் பழைய கார்களில் டயரில் பட்டன் நன்றாகவே இருக்கும், ரப்பர் இறந்திருக்கும். ஐந்து வருடம் கடந்த டயரை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். பத்து வருடமானால், பார்க்க எப்படி இருந்தாலும் தூக்கிவிட வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரின் நான்கு டயரிலும் நான்கு வெவ்வேறு வருடங்கள் இருந்தால் எனக்கு அந்தக் காரின் முந்தைய உரிமையாளர்மேல் நம்பிக்கை குறைந்துவிடும்.

டயரின் முகத்திலோ பக்கத்திலோ வீக்கம் தெரிந்தால் பரிசோதனையை அத்துடன் நிறுத்துங்கள். ரேடியல் டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டை ரப்பரிலிருந்து பிரியத் தொடங்கினால் அப்படித்தான் வீங்கும். இதற்கு இன்னோர் அறிகுறியும் உண்டு: ஊருக்குள் 20, 30-ல் போகும்போதே ஸ்டீரிங் இடமும் வலமுமாக மெதுவாக அசையும். மெதுவான வேகத்தில் அசைவு, நெடுஞ்சாலையில் உதறல் என்று இரண்டும் சேர்ந்து இருந்தால், பேலன்சிங் எந்திரத்தில் ஏற்றுவதற்கு முன் அந்த டயரைச் சந்தேகப்படுங்கள். வெயில் காலத்தில், முழு லோடோடு, வேகத்தில் போகும்போது அது வெடிக்கும். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு மெதுவாகக் கடைக்குப் போவதுதான் சரி.

அந்த ஸ்டெப்னியே நல்ல பரிசோதனைக் கருவி. அதே அளவில், நல்ல நிலையில் இருந்தால் முன் இடது சக்கரத்துக்குப் பதிலாக அதை மாட்டி ஓட்டிப் பாருங்கள். பிறகு முன் வலது. உதறல் எந்தச் சக்கரத்தோடு போனதோ அதுதான். ஸ்டெப்னி சரியில்லை என்றால், முன்சக்கரம் இரண்டையும் பின்னுக்கும், பின் இரண்டையும் முன்னுக்கும் மாற்றுங்கள். உதறல் கையிலிருந்து சீட்டுக்கு இறங்கினால் கோளாறு சக்கரத்தில்தான், சஸ்பென்ஷனைத் தொட வேண்டியதில்லை. எதுவுமே மாறவில்லை என்றால் டயருக்குப் பணம் செலவழிக்காதீர்கள். பஞ்சர் கடையில் இதற்குக் கேட்கும் கூலி மிகச் சிறியது. எந்த ஸ்கேனரும் இவ்வளவு தெளிவான பதிலைத் தராது.

பேலன்சிங் கடையில் நின்று பார்க்க வேண்டியவை

டீ குடிக்கப் போகாதீர்கள். எந்திரத்தின் பக்கத்திலேயே நில்லுங்கள். பேலன்சிங் கெட்டுப்போவது பெரும்பாலும் எந்திரத்தால் நடப்பதில்லை, சக்கரத்தை அதில் மாட்டும் விதத்தால் நடக்கிறது.

பழைய கட்டிகள் எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் முதல் சுற்று ஓட வேண்டும். ரிம்மின் நடு ஓட்டையில் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கச் சொல்லுங்கள். எந்திரத்தின் கூம்பு அந்த ஓட்டையில் சரியாக உட்காராவிட்டால் சக்கரம் மையம் தவறிச் சுற்றும். அப்போது எந்திரம் காட்டுகிற எண் அந்தத் தவறுக்கான எண், சக்கரத்துக்கானது இல்லை. ரிம்மின் உள்விளிம்பு, வெளிவிளிம்பு இரண்டுக்கும் எந்திரம் தனித்தனியாக எண் காட்டும். இரண்டு பக்கமும் கட்டி வைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வைத்துச் "சரியாயிடுச்சு" என்றால், மேலும் கீழும் குதிப்பது நிற்கலாம். பக்கவாட்டில் நெளிவது நிற்காது, ஸ்டீரிங்கைத் திருகுவது அதுதான்.

இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டியதும் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: "அண்ணே, லூஸ் பண்ணி அரைச் சுத்து திருப்பி மாட்டி இன்னொரு தடவை ஓட்டுங்க." மறுபடியும் பூஜ்யமோ அதை ஒட்டியோ வந்தால் வேலை நேர்மையானது. திடீரென்று 15, 20 என்று காட்டினால் முதலில் மாட்டியதே கோணல். இந்த ஒரு கேள்வியைக் கேட்கிற வாடிக்கையாளரின் மற்ற மூன்று சக்கரங்களும் தானாகவே கவனமாக மாட்டப்படும்.

சக்கரம் எந்திரத்தில் சுழலும்போது எண்ணைப் பார்ப்பதைவிட ரிம் விளிம்பைப் பாருங்கள். அசையாத ஒரு பொருளை, ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையை, விளிம்புக்கு அருகில் பிடிக்கச் சொன்னால் இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும். வேகத்தடையிலும் பள்ளத்திலும் இறங்கி ரிம் வளைந்திருந்தால் கட்டி வைத்துச் சமன் செய்யலாம், எந்திரமும் பூஜ்யம் காட்டும். ஆனால் உருளும்போது அது முட்டையாகத்தான் உருளும். இரும்பு ரிம்மில் சின்ன வளைவைத் தட்டி எடுப்பார்கள், பரவாயில்லை. அலாய் விரிசல் விட்டிருந்தால் வெல்டிங் வைக்கச் சம்மதிக்காதீர்கள். சிறிய காரின் சக்கரம் ஒன்றுக்கு அறுபது, எழுபது கிராமைத் தாண்டிக் கட்டி கேட்டால், காற்றை இறக்கி டயரை ரிம்மில் அரைச் சுற்றுத் திருப்பி மாட்டிப் பார்க்கச் சொல்வேன். டயரின் கனமான பக்கமும் ரிம்மின் கனமான பக்கமும் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் இப்போது ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் எண் இறங்காவிட்டால் டயரோ ரிம்மோ கெட்டிருக்கிறது. புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக வர வேண்டும்.

பஞ்சருக்காக டயருக்குள் ஊற்றிய திரவம் இருந்தால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். கார் நிற்கும்போது அது அடியில் தேங்கும், ஒவ்வொரு முறை சுழலும்போதும் வேறு வேறு எண் காட்டும். நாள் முழுக்க நின்றாலும் அந்தச் சக்கரம் பேலன்ஸ் ஆகாது. டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டிருப்பதும் கிட்டத்தட்ட இதே வம்புதான்.

சக்கரம் காரில் உட்காரும் இடம்

எந்திரத்தில் சரியாக இருந்த சக்கரம் காரில் உதறினால், அது உட்காரும் இடத்தைப் பாருங்கள். ஹப்பின் முகத்தில் துருச் செதில் படிந்திருந்தால் ரிம் சற்றுச் சாய்ந்து உட்காரும். கம்பி பிரஷ்ஷால் இரண்டே நிமிட வேலை. கடைகளில் இதை யாரும் செய்வதில்லை. வெளியில் வாங்கிப் போட்ட அலாய் என்றால், அதன் நடு ஓட்டை உங்கள் கார் ஹப்பைவிடப் பெரிதாக இருக்கலாம். பல மாடலுக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாகவே செய்கிறார்கள். இடைவெளியை நிரப்பும் வளையம் இல்லாவிட்டால் சக்கரத்தின் மையத்தை நட்டுகள்தான் பிடிக்க வேண்டும். அலாய்க்கும் இரும்பு ரிம்முக்கும் நட்டின் அடிப்பகுதி வேறுபடலாம், பழைய நட்டையே போட்டிருந்தால் அதையும் கேளுங்கள்.

நட்டுகளை முதலில் கையால் திருகி, சக்கரம் தரையில் படுவதற்கு முன் எதிரெதிராக ஓரளவு இறுக்கி, இறக்கிய பிறகு முழுதாக இறுக்க வேண்டும். சிறிய கார்களில் தேவைப்படும் அளவு பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உங்கள் காரின் கையேட்டில் எண் உண்டு. காற்றுத் துப்பாக்கியால் கடகடவென்று இறுக்குவது அதைவிட அதிகமாகப் போய், டிஸ்கையே கோணலாக்கிவிடும். சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு புதிதாக உதறல் தொடங்கி நாளுக்கு நாள் கூடினால், அடுத்த கிலோமீட்டர் ஓட்டுவதற்கு முன் நட்டைப் பாருங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் ஐம்பது, நூறு கிலோமீட்டரில் ஒரு முறை ஸ்பேனர் போட்டுப் பார்ப்பது நல்லது.

பிரேக்கில் மட்டும் உதறினால்

"டிஸ்க் பெண்டு ஆயிடுச்சு" என்பார்கள். பெரும்பாலும் அது வளைந்திருக்காது. டிஸ்கின் கனம் சுற்றிலும் ஒரே அளவாக இல்லாமல் போயிருக்கும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு மாறினாலே கைக்குத் தெரியும். கொல்லிமலையின் 70 வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்கி வந்து, கீழே காரை நிறுத்திப் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றால், கொதிக்கும் டிஸ்கில் பேடின் பொருள் ஓரிடத்தில் அப்பிக்கொள்ளும். கனம் மாற அது ஒரு வழி. துருப்பிடித்த ஹப்பில் டிஸ்க் சாய்ந்து உட்கார்ந்து, சுற்றுக்கு ஒரு முறை பேடைத் தொட்டுத் தொட்டுத் தேய்வது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வகையில், லேத்தில் கொடுத்து ஸ்கிம்மிங் செய்து மாட்டினாலும் சில மாதத்தில் திரும்பி வரும். ஹப்பைச் சுத்தம் செய்யாமல் டிஸ்கை மாட்ட விடாதீர்கள். டிஸ்கில் குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். ஸ்கிம்மிங்குக்குப் பின் அதற்குக் கீழே போகும் என்றால் புதிது வாங்குவதைத் தவிர வழியில்லை, இரண்டு பக்கமும் சேர்த்தே.

மிதித்தால் மட்டும் உதறினால்

ஆக்ஸிலின் உள்ஜாயிண்ட். வெளிஜாயிண்ட் கெட்டால் முழுதாக ஒடித்துத் திருப்பும்போது கட் கட் என்று சத்தம் கொடுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே இருப்பது சத்தமில்லாமல் கெடும். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆம்னி, குவாலிஸ், பொலேரோ போன்ற பின்சக்கர ஓட்டக் கார்களில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் அதன் கிராஸையும் பார்க்க வேண்டும். ஷாஃப்ட் சக்கரத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றுவதால் அது உதறலாக வராமல், தரையில் ஒரு முணுமுணுப்பாக வரும்.

பெருக்கிக் காட்டும் பாகங்கள்

சக்கரம், ரிம், ஹப் எல்லாம் சரி, உதறலும் பாதியாகக் குறைந்திருக்கிறது, மீதிப் பாதி போக மறுக்கிறது. இப்போதுதான் சஸ்பென்ஷனுக்கு வர வேண்டும். சமதரையில், பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை விடக்கூடாது.

சக்கரத்தைக் கடிகாரமாக வைத்து, 12-லும் 6-லும் கை வைத்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயிண்ட். அடுத்து 9-லும் 3-லும் பிடித்து ஆட்டினால் தெரிவது டை ராட் எண்ட் அல்லது ராக். ஸ்டீரிங்கை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, கீழே டார்ச்சோடு பார்க்கிறவருக்கு எந்த ஜாயிண்ட் நகர்கிறது என்று தெரிந்துவிடும். பேரிங் என்றால் ஓட்டத்திலேயே ஒரு ரீங்காரம் கேட்டிருக்கும். வலப்பக்க வளைவில் அது கூடினால் பெரும்பாலும் இடது பேரிங், எடை அந்தப் பக்கம் சாய்வதால்.

லோயர் ஆர்ம் புஷ்ஷைக் கையால் ஆட்டித் தெரிந்துகொள்ள முடியாது. லிவர் கம்பியை நுழைத்து நெம்பிப் பார்க்க வேண்டும். பின்பக்கத்துப் பெரிய புஷ்ஷைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். அதன் ரப்பர் வெடித்து வாய் திறந்திருந்தால், பேலன்சிங் கடையில் நீங்கள் கொடுத்த பணத்தில் பாதி அங்கே வீணாகியிருக்கிறது. மாற்றும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். ஆர்மின் போல்ட்டைக் கார் தரையில் நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் கடைசியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், கார் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும், புதுப் புஷ் சீக்கிரமே கிழியும். ஆர்ம், டை ராட் எண்ட் எதை மாற்றினாலும் அதன் பிறகு அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். இந்த அத்தியாயத்தில் அலைன்மென்ட்டுக்கு நான் மனதாரப் பணம் கொடுக்கச் சொல்வது இந்த ஓர் இடத்தில்தான்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும், அடுத்ததைத் தொடும் முன், அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். நான்கு பாகங்களை ஒரே நாளில் மாற்றினால் உதறல் போகலாம், எதனால் போனது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி நான்கையும் மாற்றுவீர்கள். பவர் ஸ்டீரிங் இல்லாத பழைய மாருதி 800, ஆம்னி போன்ற வண்டிகளில் எல்லாம் செய்த பிறகும் 80-க்கு மேல் கையில் ஒரு மெல்லிய துடிப்பு மிஞ்சும். சாலையை அப்படியே கைக்குக் கடத்தும் அமைப்பு அது. ரோடு மாறும்போது அந்தத் துடிப்பும் மாறினால் அது ரோட்டினுடையது, விட்டுவிடலாம். தார் ரோடு, கான்கிரீட் ரோடு எதுவானாலும் ஒரே வேகத்தில் ஒரே மாதிரி வந்தால் மட்டும் மறுபடி ஸ்டெப்னியை இறக்குங்கள்.